ஊர்ப் பிள்ளைகளையும் தன்னார்வலர்களாகக் கணக்கில் எடுங்கள்: அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கு,

உங்கள் அறக்கட்டளையின் நிதியில் இயங்கும், பொன்னேரி வட்டத்தில் உள்ள எங்கள் ஊரின் இளையோர் மன்றத்தைப் பற்றி நீங்கள் எடுத்த முடிவு, மன்றத்து அறிவிப்புப் பலகையில் ஒரு பக்கக் கடிதமாக ஒட்டப்பட்டிருக்கிறது. மாலை நேரச் செயல்பாடுகள் இந்த நிதியாண்டோடு முடிகின்றன. ஒருங்கிணைப்பாளரின் மதிப்பூதியம் நிற்கிறது. கட்டடத்தின் சாவி சென்னை அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும். இனி மாதம் ஒரு சனிக்கிழமை சென்னையிலிருந்து தன்னார்வலர்கள் வந்து நிகழ்ச்சி நடத்திவிட்டுப் போவார்கள். காரணமாக நீங்கள் சொல்வது, வருகை குறைந்துவிட்டது, அளவிடத்தக்க பலன் எதுவும் தெரியவில்லை, நிதி தரும் நிறுவனங்கள் தங்கள் ஊழியர்கள் நேரில் கலந்துகொள்ளும் நிகழ்ச்சிகளையே விரும்புகின்றன என்பது.

இந்த முடிவை எங்களால் ஏற்க முடியாது. முடிவெடுக்கும் முன் ஊரில் ஒருவரிடமும் கேட்கவில்லை. எடுத்த பிறகு நாங்கள் எழுதிய கடிதங்களுக்கும் பதில் இல்லை. அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். அறக்கட்டளையின் பெயரையோ ஊரின் பெயரையோ இங்கே சொல்லவில்லை. உங்களை அவமானப்படுத்துவது என் நோக்கமன்று. முடிவை மாற்ற வைப்பதுதான் நோக்கம்.

நான் அந்த மன்றத்தில் வளர்ந்தவள். சில ஆண்டுகள் அதன் செயலாளராகவும் இருந்தேன். இப்போது தண்டையார்பேட்டையில் குடியிருந்து, நகரில் ஓர் இரத்த வங்கியில் தொழில்நுட்பராக வேலை செய்கிறேன். வார விடுப்பு கிடைத்தால் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்து ஊருக்குப் போய்விடுவேன். நீங்கள் அறிக்கையில் படிக்கும் மன்றத்தை நான் நேரில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த உரிமையில் பேசுகிறேன்.

முதலில் வருகைக் கணக்கு. உங்கள் ஆய்வாளர் மன்றத்துக்கு வந்தது ஒரு வேலைநாளில், மாலை நாலரை மணிக்கு. அந்த நேரத்தில் அங்கே யார் இருப்பார்கள்? கல்லூரிக்குப் போகிறவர்கள் ரயிலில் இருப்பார்கள். சென்னையிலிருந்து திரும்பும் பிள்ளைகள் கவரப்பேட்டையில் இறங்கும்போதே ஆறு மணி தாண்டிவிடும். அங்கிருந்து ஷேர் ஆட்டோ நிறைந்து கிளம்பும்வரை காத்திருந்து, ஊர் வந்து, முகம் கழுவிக்கொண்டு மன்றத்துக்கு வர ஏழு ஆகும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு. இந்த வாரம் வருகிறவன் அடுத்த வாரம் வரமாட்டான். அவன் மன்றத்தை விட்டுப் போய்விட்டான் என்று அதற்குப் பொருளில்லை. செங்கல் சூளைக்குப் போகும் குடும்பங்களின் பிள்ளைகள் தை பிறந்ததும் சூளையிலேயே தங்கிவிடுவார்கள். மழைக்காலம் நெருங்கும்போதுதான் ஊருக்குத் திரும்புவார்கள். நடவும் அறுவடையும் நடக்கும் நாட்களில் மற்ற பிள்ளைகளும் வயலில்தான் இருப்பார்கள். மன்றத்தின் நேரம் ஆறரை மணி முதல் ஒன்பது மணி வரை என்று வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறோம். திறக்காத நேரத்தில் வந்து ஆட்களைத் தேடியவர் எழுதிய குறிப்பை நம்பி, பல ஆண்டு உழைப்பை நிறுத்திவிட்டீர்கள்.

பெண் பிள்ளைகளின் வருகை குறைந்தது உண்மைதான். அதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் ஏன் குறைந்தது என்று உங்கள் அறிக்கை கேட்கவே இல்லை. சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு வந்தவர்கள், கைப்பந்து விளையாடிக்கொண்டிருந்த பெண்களைப் படம் எடுத்துத் தங்கள் நிறுவனத்தின் சமூக வலைத்தளப் பக்கத்தில் போட்டார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பதினைந்து, பதினாறு வயதுப் பெண்கள் அவர்கள். படம் ஊரில் ஒவ்வொரு கைப்பேசிக்கும் வந்து சேர்ந்தது. அதன் கீழே யார் யாரோ எழுதியதும் வந்தது. மறுநாளே நாலைந்து வீடுகளில், இனி மைதானம் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஒருங்கிணைப்பாளர் வீடு வீடாகப் போய்ப் பேசினார். சில அம்மாக்கள் மனம் இரங்கினார்கள், சில அப்பாக்கள் இன்றுவரை இறங்கி வரவில்லை. பதினெட்டு வயது நிறையாதவர்களின் தனிப்பட்ட தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு கிராமத்துப் பெண்ணின் படத்தைக் கேட்காமல் ஊருக்கெல்லாம் காட்டினால் அவள் வீட்டில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாதா? அந்தப் படத்தை நீக்கச் சொல்லி நாங்கள் கேட்டதும் பதிலில்லாமல் கிடக்கிறது.

அந்தப் பெண்கள் மைதானத்துக்கு வந்ததே சாதாரணமாக நடந்த காரியமன்று. மாலை ஆறரை முதல் ஏழரை வரை மைதானம் பெண்களுக்கு மட்டும் என்று மன்றப் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். பையன்கள் முணுமுணுத்தார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காக விளக்குக் கம்பம் நட்டோம். முடிந்ததும் தெருவாரியாகக் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பும் பொறுப்பை மூத்த பெண்கள் ஏற்றுக்கொண்டார்கள். இதெல்லாம் நடந்த பிறகுதான் ஒரு தாய் தன் மகளை நம்பி அனுப்பினார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் சென்னைக் கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா ஆடினார். எங்கள் ஊர்ப் பெண்கள் அந்த ஆட்டத்தைக் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். நாள்தோறும் ஆட இடமும், ஆட்டத்தைத் திருத்தச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆளும் இருந்தால் மட்டுமே அப்படி ஒரு பெண் உருவாகிறாள். மாதம் ஒரு சனிக்கிழமையில் எந்த ஆட்டமும் கைவராது.

இனி, அளவிடத்தக்க பலன் பற்றி. எங்கள் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்கிறேன். எதை அளக்க வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஊருக்கு வரும் தார்ச்சாலை தண்ணீருக்குள் போய்விட்டது. மின்சாரம் இல்லை, கைப்பேசிக் கோபுரமும் செத்துவிட்டது. அந்த மழைக்கு முன்பே, புரட்டாசி மாதத்தில், மன்றத்துப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய் ஒரு பட்டியல் எடுத்து வைத்திருந்தார்கள்: பிரசவ மாதத்தில் இருக்கும் பெண்கள் யார், டயாலிசிஸுக்குப் போகிறவர் யார், தனியாக வாழும் முதியவர்கள் யார், யார் வீட்டுச் சுவர் மண் சுவர், யாரிடம் டிராக்டர் இருக்கிறது. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தெருவாரியாக எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு மன்றத்து அலமாரியில் வைத்திருந்தார்கள். தண்ணீர் ஏறிய இரவில் அந்த நோட்டுதான் வேலை செய்தது. டிராக்டர் டியூப்புகளைக் கட்டி அதன்மேல் பலகை போட்டு, நோட்டில் இருந்த வரிசைப்படி ஆட்களைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி வந்தார்கள். நிறைமாத கர்ப்பிணி ஒருவரை ஏரிக்கரை மேட்டு வழியாகக் கட்டிலோடு தூக்கிப்போய் ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். இதற்கு எந்த நிறுவனமும் பயிற்சி தரவில்லை. நோட்டு எடுக்கச் சொன்னது மன்றத்தின் ஒருங்கிணைப்பாளர். மாதம் ஆறாயிரம் ரூபாய் மதிப்பூதியம் மிச்சமாகும் என்று நீங்கள் இப்போது நிறுத்தும் அதே ஒருங்கிணைப்பாளர்.

தண்ணீர் வடிந்த பிறகு சென்னையிலிருந்து அன்பர்கள் வந்தார்கள். ரொட்டி, போர்வை, குடிநீர் கொண்டுவந்தார்கள். அந்த உதவிக்கு ஊர் நன்றியோடு இருக்கிறது. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் உங்கள் ஆண்டறிக்கையில் வெள்ள நிவாரணம் என்ற தலைப்பின் கீழ் வந்த படங்கள் எல்லாம் வந்தவர்களின் படங்கள். எங்கள் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்த மித்ரா திட்டத்தில் 18 முதல் 40 வயது வரையிலான உள்ளூர்த் தன்னார்வலர்களுக்கு 12 நாள் பயிற்சி கொடுத்தார்கள். அரசுக்கே தெரிந்திருக்கிறது, வெள்ளம் வந்த முதல் சில மணி நேரத்தில் காப்பாற்றப் போவது பக்கத்து வீட்டுக்காரர்தான் என்று. எங்கள் பிள்ளைகளை அந்தப் பயிற்சிக்குப் பரிந்துரைக்க உங்களிடம் கடிதம் கேட்டோம். அதுவும் வரவில்லை.

மரம் நடும் விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள் என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு குழு வருகிறது. புங்கன், வேம்பு, மகிழம் என்று நாற்றங்காலில் வாங்கிய கன்றுகளை ஏரிக்கரையில் நடுகிறார்கள். அக்னி நட்சத்திரம் முடிந்து பூமி இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும் நேரம் அது. எங்கள் பக்கத்துக்குப் பெருமழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான். கன்றுகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று வந்தவர்கள் ஒருபோதும் கேட்டதில்லை. ஆடி பிறப்பதற்குள் பாதி கருகிவிடும், மீதியை ஆடு தின்றுவிடும். அடுத்த ஜூனில் அதே குழிகளில் வேறு கன்றுகள். எங்கள் பிள்ளைகள் புரட்டாசியில் பனை விதை பொறுக்கி வந்து, முதல் மழைக்கு முன் அதே கரையில் ஊன்றினார்கள். பனைக்கு வேலியும் வேண்டாம், நீரும் ஊற்ற வேண்டாம். முதலில் கீழே வேர்விட்டு நின்றுகொண்டுதான் மேலே ஓலை காட்டும். இன்று அந்தக் கரையில் நடந்தால் முழங்கால் உயரக் குருத்துகளைப் பார்க்கலாம். உங்கள் அறிக்கையில் அந்த இடத்தில் ஆயிரக்கணக்கில் மரக்கன்றுகள் நடப்பட்டதாக எழுதியிருக்கிறது. நட்டது எவ்வளவு என்று எழுதியவர்கள், உயிரோடு இருப்பது எவ்வளவு என்றும் எழுத வேண்டாமா?

என் வேலையோடு தொடர்புடைய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் 1, தேசியத் தன்னார்வ இரத்ததான நாள். அந்த நாளையொட்டி மன்றத்தில் முகாம் நடத்துகிறோம். இரத்தம் கொடுக்க 18 வயது நிறைந்திருக்க வேண்டும், 45 கிலோ எடை வேண்டும், ஹீமோகுளோபின் 12.5 கிராம் வேண்டும். முதல் முகாமில் வரிசையில் நின்ற பெண்களில் பெரும்பாலோரை, விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை என்று நான் படித்திருக்கிறேன். என் ஊர்ப் பெண்களின் முகங்களில் அதை அன்று பார்த்தேன். திரும்பிப்போன ஒரு பெண், கல்லூரி முதலாண்டு படிப்பவள், “அக்கா, நான் கொடுக்க வந்தேன், எனக்கே இல்லையாமே” என்றாள். மன்றம் அதைச் சும்மா விட்டுவிடவில்லை. கிராம சுகாதாரச் செவிலியரை அழைத்து வந்து இரும்புச்சத்து மாத்திரைகளை எப்படிச் சாப்பிடுவது, சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் ஏன் பயனில்லை என்று பேச வைத்தார்கள். பூச்சி மாத்திரை போடும் நாட்களை நினைவூட்டினார்கள். ஒவ்வொரு பெண்ணின் அளவையும் குறித்து வைத்து, மாதங்கள் கழித்து மறுபடி பார்த்தார்கள். அடுத்த முகாமில் அந்தக் கல்லூரிப் பெண் இரத்தம் கொடுத்தாள். பலனை அளக்க வேண்டும் என்கிறீர்களே, கிராமில் அளந்து எழுதிய பதிவேடு மன்றத்து அலமாரியில் இருக்கிறது. ஆய்வாளர் அதைத் திறந்து பார்க்கவில்லை.

இப்போது அந்தச் சனிக்கிழமைகளைப் பற்றி. இதில்தான் என் மனக்குறை அதிகம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குளிரூட்டிய பஸ்ஸில் காலை பத்தரைக்கு வந்து இறங்குவார்கள். எல்லோருக்கும் ஒரே நிற டி-ஷர்ட். அங்கன்வாடிச் சுவருக்கு வண்ணம் பூசுவார்கள். அந்தச் சுவர் ஒவ்வொரு நிறுவனத்தாலும் ஒருமுறை பூசப்பட்டு, யானையும் பட்டாம்பூச்சியும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கிறது. அதே அங்கன்வாடியின் கழிப்பறைக் கதவு தாழ்ப்பாள் இல்லாமல் நிற்கிறது. அதைச் சரிசெய்ய ஒரு தச்சரும் ஒரு மணி நேரமும் போதும். படத்தில் நன்றாக வராது என்பதால் எந்தக் குழுவும் அதைத் தொடுவதில்லை. முந்தின நாள் இரவு பழைய பெயின்ட்டைச் சுரண்டி, வெள்ளையடித்து, வாளிகளை வரிசையாக வைப்பது எங்கள் பையன்கள். மதியம் சாப்பாடு பரிமாறுவதும், மாலை பஸ் கிளம்பிய பிறகு இலையும் பிளாஸ்டிக் தட்டும் பொறுக்குவதும் அவர்கள்தான். வந்தவர்களுக்குத் தன்னார்வலர் என்ற சான்றிதழ் போகிறது. எங்கள் பிள்ளைகளின் பெயர், பயன்பெற்றோர் எண்ணிக்கை என்ற கட்டத்துக்குள் ஓர் எண்ணாகப் போகிறது.

ஒரு சான்றிதழில் என்ன இருக்கிறது என்று உங்களில் யாரேனும் கேட்கலாம். சென்னையில் கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. 1969 செப்டம்பர் 24-இல் தொடங்கிய திட்டம் அது. இரண்டாண்டுகளில் 240 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம், முடிவில் சான்றிதழ். பன்னிரண்டாம் வகுப்போடு நின்று சிப்காட்டுக்குப் போன பையனுக்கும், சூளையில் கல் அறுக்கும் பெண்ணுக்கும் அந்த வாய்ப்பு இல்லை. அவர்கள் செய்த பொதுப்பணிக்குச் சாட்சி சொல்ல மன்றத்தை விட்டால் வேறு ஆளில்லை. வெள்ளத்தில் டியூப் தள்ளியவன் ஒருவன் பிறகு தீயணைப்புப் பணிக்கு விண்ணப்பித்தான். சமூகப்பணி அனுபவம் உண்டா என்று யாரேனும் கேட்டால் காட்ட ஒரு தாள் வேண்டும் என்று என்னிடம் கேட்டான். உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். நிறுவன ஊழியர்களுக்கு மட்டுமே சான்றிதழ் வழங்கும் நடைமுறை இருப்பதாகச் சொன்னார்கள். அவனிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், இரண்டு நாள் போனை எடுக்காமல் இருந்தேன்.

வரும் இளைஞர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. பலர் நல்ல மனத்தோடு வருகிறார்கள். ஒருமுறை வந்த ஒரு பெண் பொறியாளர், வண்ணம் பூசுவதை விட்டுவிட்டு மன்றத்துப் பெண்களோடு உட்கார்ந்து, வேலைக்கு விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பிறகும் வாரம் ஒரு மாலை கைப்பேசியில் அழைத்துப் பேசினார். ஊரில் இன்றும் அவரைக் கேட்கிறார்கள். தங்களுக்குத் தெரிந்ததை, ஊருக்குத் தேவையானதை, தொடர்ந்து செய்ய வருகிறவர்களுக்கு மன்றத்தின் கதவு எப்போதும் திறந்திருக்கும். ஆனால் அந்தக் கதவைத் திறந்து வைக்க ஊரில் ஆள் இருக்க வேண்டும். மன்றத்தை மூடிவிட்டால் அடுத்த சனிக்கிழமை வருகிறவர்கள் யாரைத் தேடிப்போவார்கள், யார் சொல்லி என்ன வேலை செய்வார்கள்?

நிதி தரும் நிறுவனங்கள் இப்படித்தான் விரும்புகின்றன என்கிறீர்கள். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் இலாபமோ வருவாயோ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. எவற்றுக்கெல்லாம் செலவிடலாம் என்ற ஏழாம் அட்டவணையில் கிராம விளையாட்டுகளுக்கான பயிற்சி வெளிப்படையாக இருக்கிறது. கல்வி இருக்கிறது, பேரிடர் மேலாண்மை இருக்கிறது. தொடங்கிய ஆண்டு போக மேலும் மூன்று ஆண்டுகளுக்கு நீளும் தொடர் திட்டங்களுக்கும் விதிகளில் இடம் உண்டு. ஆக, மன்றம் போன்ற ஒன்றுக்குத் தொடர்ந்து பணம் தருவதைச் சட்டம் தடுக்கவில்லை. அதைக் கேட்டு வாங்க வேண்டியது உங்கள் வேலை. ஊரின் தேவையை நிறுவனத்துக்கு எடுத்துச் சொல்லத்தான் நடுவில் ஓர் அறக்கட்டளை. நிறுவனத்தின் விருப்பத்தை ஊர்மேல் சுமத்துவதற்கு நீங்கள் எதற்கு? ஒரு சனிக்கிழமைக்கு ஆகும் பஸ், டி-ஷர்ட், சாப்பாடு, பேனர் செலவைப் பில்லோடு பார்த்தவள் நான். உணவு ஏற்பாடு எங்கள் தெருவில்தான் நடக்கும். மன்றம் இரண்டு மாதம் ஓடக்கூடிய பணம் அது.

உள்ளூர்ப் பிள்ளைகளால் முடியாது என்று நினைக்கிறீர்களா? 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுந்தபோது, அரிக்கேன் விளக்கில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள் அந்தந்த ஊர் இளைஞர்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதும் அந்த இயக்கத்தில்தான். கொரோனாவுக்குப் பின் 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு மாலை வகுப்பெடுத்தவர்கள் அந்தத் தெருவிலேயே குடியிருந்த பெண்கள். எங்கள் ஊரில் அந்த வகுப்பு நடந்தது மன்றத்து வராந்தாவில். எடுத்தவர்களில் இருவர் மன்றத்து உறுப்பினர்கள். 2024-இல் ஊராட்சிகளுக்கு அரசு 33 வகை விளையாட்டுப் பொருட்கள் கொடுத்தபோது பல ஊர்களில் பெட்டி பிரிக்கப்படாமலே கிடந்ததாகக் கேள்விப்பட்டேன். எங்கள் ஊரில் பிரித்து, பதிவேடு போட்டு, கையெழுத்து வாங்கிப் பொருள் கொடுத்து வாங்கியவர்கள் மன்றத்துப் பிள்ளைகள். வலை கிழிந்தால் பழவேற்காட்டுப் பக்கம் உறவுள்ள ஒரு பையன் நைலான் நூலும் ஊசியும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவான். மீன்வலை முடிச்சுப் போட்டு அவன் தைத்த இடம் மறுபடி கிழிந்ததில்லை.

இன்னொன்று உண்டு. இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன், எழுதத்தான் வேண்டும். எங்கள் ஊரில் மேலத்தெரு ஒரு சாதி, ஏரிக்கரைத் தெரு வேறு சாதி. கோயில் திருவிழா தனி, சுடுகாடு தனி, டீக்கடை பெஞ்சுகூட ஒரு காலத்தில் தனி. இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒரே பலகையில் கேரம் ஆடுகிற, ஒரே அணியில் கைப்பந்து ஆடுகிற ஒரே இடம் மன்றம். அது தானாக வந்துவிடவில்லை. அணியில் பாதிப் பாதி என்று விதி வைத்து, தண்ணீர்க் குடத்துக்கு ஒரே டம்ளர் என்று உறுதியாக நின்று, ஒருமுறை அடிதடி வரை போய், பெரியவர்களை உட்கார வைத்துப் பேசி வந்தது. மன்றம் இருட்டிக் கிடந்தால் மாலையில் அந்தப் பையன்கள் எங்கே போவார்கள் என்று நினைக்கிறீர்கள்? சாதிச் சங்கப் பேனர் கட்டப் போவார்கள், மதுக்கடைப் பக்கம் போவார்கள். ஒரு வீச்சரிவாள் படத்தோடு பிறந்தநாள் பேனர் எங்கள் பக்கத்து ஊர் வரை வந்துவிட்டது. சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இந்த இரண்டு தெருக்களின் பெயர்கூடத் தெரியாது.

ஊராட்சியிடம் போங்கள் என்று சொல்வீர்கள். திருவள்ளூர் மாவட்ட ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, பொறுப்பு தனி அலுவலரிடம் போனது. எங்களுக்கென்று மனு வாங்கத் தலைவர் என்று ஒருவர் இல்லாத காலத்தில்தான் இந்தக் கடிதத்தை ஒட்டினீர்கள். அப்படிப்பட்ட நேரத்தில் ஊர் கூடிப் பேச மிச்சம் இருந்த இடம் இந்த மன்றம் ஒன்றுதான்.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை.

மாலை நேரச் செயல்பாடுகளை நிறுத்தும் முடிவைத் திரும்பப் பெறுங்கள். ஒருங்கிணைப்பாளரின் மதிப்பூதியத்தை ஓராண்டுக்கு ஓராண்டு என்று தொங்கவிடாமல் மூன்றாண்டுகளுக்கு எழுத்தில் உறுதி செய்யுங்கள். கட்டடத்தின் சாவி ஊரில், மன்றத்தின் பொறுப்பாளர்களிடம் இருக்க வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் மன்றத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் போதும். எங்களிடம் அதைவிடப் பலர் தயாராக இருக்கிறார்கள். பதிவுக்கும் ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்வதற்கும் உங்கள் அலுவலகக் கணக்கர் வழிகாட்டினால் போதும். உங்களால் நிதி தர முடியாத நாள் வந்தாலும் மன்றம் தன் காலில் நிற்க அதுவே வழி.

மன்றத்து உறுப்பினர்கள் செய்யும் பொதுப்பணி நேரத்தைப் பதிவு செய்து, சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குத் தரும் அதே சான்றிதழை, அதே பெயரில், அவர்களுக்கும் கொடுங்கள். மிக்ஜாம் வெள்ளத்தில் பணியாற்றியவர்களுக்கு முதலில் கொடுங்கள். பட்டியலை நாங்கள் தருகிறோம். அவர்களைப் பேரிடர்ப் பயிற்சிக்குப் பரிந்துரைத்து மாவட்ட நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதுங்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன் அந்தப் பயிற்சி முடிந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை நிகழ்ச்சி நடக்கட்டும். ஆனால் என்ன வேலை, எந்த மாதம், எத்தனை பேர் என்பதை மன்றப் பொதுக்குழு தீர்மானிக்கும். மரம் நடுவதாக இருந்தால் புரட்டாசியில் வாருங்கள். அங்கன்வாடிக்கு ஏதேனும் செய்ய விரும்பினால் முதலில் அந்தக் கழிப்பறைக் கதவைச் சரிசெய்யுங்கள். ஒரு நாள் வந்து போகிறவர்களைவிட, ஆறு மாதம் வாரம் ஒரு மணி நேரம் தரக்கூடிய ஐந்து பேரை அனுப்புங்கள்: ஆங்கிலம் பேசப் பழக்க ஒருவர், கணக்குச் சொல்லித்தர ஒருவர், பெண்கள் கைப்பந்துக்கு ஒரு பயிற்சியாளர், வேலை விண்ணப்பங்களுக்கு ஒருவர், மனம்விட்டுப் பேச ஒரு மனநல ஆலோசகர்.

பெற்றோரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் பிள்ளைகளின் படத்தை யாரும் எடுக்கவோ வெளியிடவோ கூடாது என்று வருகிற ஒவ்வொரு நிறுவனத்திடமும் கையெழுத்து வாங்குங்கள். ஏற்கெனவே போடப்பட்ட அந்தப் படத்தை இந்த வாரமே நீக்க வையுங்கள். அந்தப் பெண்களின் வீடுகளுக்கு உங்களில் ஒருவர், முடிந்தால் ஒரு பெண் அறங்காவலர், நேரில் வந்து வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

கடைசியாக, முடிவை மறுபரிசீலனை செய்யும் கூட்டத்தைச் சென்னை அலுவலகத்தில் வேலை நேரத்தில் வைக்காதீர்கள். மார்ச் மாதம் முடிவதற்குள், மன்றத்துக் கட்டடத்தில், மாலை ஏழரை மணிக்கு வையுங்கள். ரயிலில் திரும்புகிறவர்களும், காலை ஷிப்ட் முடித்தவர்களும், பெற்றோரும் அப்போதுதான் வர முடியும். தேதியை ஒரு வாரம் முன்பே எழுத்தில் தெரிவியுங்கள். பதிவேடுகள் எல்லாம் மேசைமேல் இருக்கும்.

இப்படிக்கு,
மன்றத்தின் முன்னாள் செயலாளர்,
தண்டையார்பேட்டை, சென்னை